கேப்புலட் காதலை எதிர்த்த அப்பா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கல்லூரித் தமிழ் மன்றங்கள் மேடையேற்றத் தகுந்த மேல்நாட்டு நாடகங்கள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 'ரோமியோ ஜூலியட்' பற்றிய பகுதியில், ஜூலியட்டின் அப்பா கேப்புலட்டை மகளின் காதலைக் கருவறுக்கத் துடிக்கும் கல்நெஞ்சர் என்று எழுதி, முதல் காட்சியிலேயே முறுக்கு மீசையும் கைப்பிரம்புமாக இறக்கிவிடலாம் என்ற யோசனையும் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிற எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. பிரம்பைக் கையில் கொடுத்த அந்த நிமிடமே மூன்றாம் அங்கம் செத்துப்போகும். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். நாடகத்தில் எந்த இடத்திலும் கேப்புலட் தன் மகளின் காதலை எதிர்க்கவில்லை. எதிர்க்க முடியாது, ஏனென்றால் அவருக்கு அது தெரியவே தெரியாது. மகள் ரோமியோவை விரும்பியதும், திங்கட்கிழமையே அவனைக் கைப்பிடித்ததும் அவர் காதுக்கு எட்டுவது கடைசிக் காட்சியில், கல்லறையில், மூன்று பிணங்களுக்கு முன்னால். அதற்கு முன் ரோமியோவைப் பற்றி அவர் வாயிலிருந்து வரும் முக்கியமான பேச்சு ஒரு பாராட்டு. முதல் அங்கத்து விருந்தில் முகமூடியோடு நுழைந்தவன் பகையாளியான மாண்டேகு வீட்டுப் பையன் என்று கண்டுபிடித்து, கேப்புலட் மனைவியின் சகோதரர் மகன் டிபால்ட் வாளுக்குக் கைநீட்டுகிறான். கேப்புலட் அவனை அடக்குகிறார்: பையன் நல்லவன், ஊரே மெச்சுகிறது, என் வீட்டில் அவனுக்கு அவமானம் நடக்கக் கூடாது. டிபால்ட் முரண்டு பிடித்ததும் குரல் மாறுகிறது. இங்கே எஜமான் நானா, நீயா?

அந்தக் கேள்வியை நடிகர் கவனித்துக்கொள்ள வேண்டும். அங்கே அவருக்கு உறுத்தியது பகையாளியின் மகன் வீட்டுக்குள் வந்தது அல்ல, தன் வீட்டுக்குள் தன் சொல்லுக்கு மறுசொல் வந்தது. மூன்றாம் அங்கத்தில் மகள்மேல் பாய்வதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த ஆளுடைய கட்டுப்பாட்டை ஜாதிப் பெருமையிலோ, பகையிலோ, குணக்கேட்டிலோ தேடினால் கிடைக்காது. யாரையும் கேட்காமல் தேதி வைக்கிறார், வைத்த தேதியை மாற்றுகிறார். அதில் இருக்கிறது.

முதல் அங்கம் இரண்டாம் காட்சியைப் பாருங்கள். பாரிஸ் என்ற இளம் பிரபு பெண் கேட்கிறான். பெண்ணுக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை, இரண்டு கோடை போகட்டும் என்கிறார் அப்பா. அவளைவிடச் சிறியவர்கள் தாயாகி சந்தோஷமாக இருக்கிறார்களே என்கிறான் பாரிஸ். அப்படி அவசரப்பட்டவர்கள் சீக்கிரம் வாடியும் போகிறார்கள் என்று பதில் வருகிறது. மற்ற பிள்ளைகளை மண் தின்றுவிட்டது, இவள் ஒருத்திதான் மிச்சம் என்றும் சொல்கிறார். பிறகு, அவள் மனதை நீயே போய்க் கேட்டு வாங்கு, அவள் சம்மதத்தில் என் சம்மதமும் ஒரு பங்குதான் என்கிறார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு தாராளமான அப்பா என்று தோன்றும். ஆனால் கடைசியில் ஒரு முடிச்சு இருக்கிறது: அவள் தேர்ந்தெடுக்கும் எல்லைக்குள் என் சம்மதம் இருக்கும். அந்த எல்லையை வரைந்தது யார்? விருந்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலை அப்போதே வேலைக்காரன் கையில் கொடுத்து அனுப்புகிறார். வேலைக்காரனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் ரோமியோவிடமே படிக்கக் கொடுப்பதால்தான் அவன் அந்த வீட்டுக்குள் வர நேர்கிறது.

இந்தக் காட்சியில் நடிகர் உண்மையாகவே அன்பாக இருக்க வேண்டும். 'உள்ளே ஒரு பாம்பு இருக்கு' என்று ஜாடை காட்டக் கூடாது. அன்பு நிஜம். அந்த அன்பு நிபந்தனையுள்ளது என்பது அவருக்கே தெரியாது.

இனி மூன்றாம் அங்கம் நான்காம் காட்சி. முப்பத்தைந்து வரி சுமார். அவசரமாக நடித்தால் இரண்டு நிமிடம். போட்டி நாடகங்களில் முதலில் கத்தரிபடுவது இதுதான், 'கதை நகரவில்லை' என்ற காரணத்தைச் சொல்லி. எங்களைக் கேட்டால், கேப்புலட்டின் பாத்திரத்தில் இதைவிட முக்கியமான காட்சி கிடையாது. திங்கள் பின்னிரவு. ரோமியோ கையால் டிபால்ட் செத்த துக்க வீடு. பெண்ணிடம் பேச நேரமே கிடைக்கவில்லை, இன்றைக்கு இனி அவள் கீழே வரமாட்டாள் என்று கேப்புலட் சொல்கிறார். பாரிஸ் விடைபெறுகிறான். முதல் குவார்ட்டோ எனப்படும், 1597-ல் வந்த நாடகத்தின் முதல் அச்சுப் பதிப்பில் இந்த இடத்தில் ஒரு மேடைக் குறிப்பு இருக்கிறது: பாரிஸ் போகக் கிளம்ப, கேப்புலட் அவனைத் திரும்ப அழைக்கிறார். யாரும் அவரை நெருக்கவில்லை. கேட்டவன் வாசலைத் தாண்டப் போகிறான். அந்த நேரத்தில் இவராகவே கூப்பிட்டு, என் மகள் நான் சொன்னபடி கேட்பாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை என்று வாக்குக் கொடுக்கிறார். இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள். புதன் ரொம்பக் கிட்டே இருக்கிறது, வியாழன் வைத்துக்கொள்ளலாம். துக்க வீடு என்பதால் ஊர் பேசும், ஆகவே அரை டஜன் பேரைக் கூப்பிட்டால் போதும். முதல் அங்கத்தில் இரண்டு கோடை என்றவர், ஒரே நாள் இடைவெளியில் மூன்று நாள் என்கிறார். பாரிஸ் இதுவரை ஜூலியட்டிடம் ஒரு வார்த்தை பேசி நாம் பார்க்கவில்லை. நான்காம் அங்கத்தில், ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த துறவி லாரன்ஸின் அறையில்தான் இருவரும் முதன்முதலாக மேடையில் பேசிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் கீழே நடக்கும்போது மாடியில் ஜூலியட்டின் அறையில் ரோமியோ இருக்கிறான். கீழே தேதி குறித்தாகிறது, மேலே கல்யாண ராத்திரி. மேடையில் மேல்தளம் கட்ட வசதியில்லாத குழுக்கள், பின்னால் ஜூலியட்டின் ஜன்னலில் ஒரு மங்கலான விளக்கை மட்டும் எரியவிட்டு இந்தக் காட்சியை நடத்தினாலே போதும். கேப்புலட் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது.

அடுத்தது எல்லாரும் நடிக்க ஆசைப்படும் ஐந்தாம் காட்சி. செவ்வாய் காலை. கேப்புலட் இதில் மேடையில் இருப்பது சுமார் எழுபது வரி. இதைப் படிப்படியாகப் பிரித்து ஒத்திகை பார்க்காமல், முதல் வரியிலிருந்தே கத்தினால் பதினைந்தாவது வரியில் தொண்டையும் போய்விடும், காட்சியும் போய்விடும்.

உள்ளே வரும்போது அவர் கோபமாக இல்லை. மகள் டிபால்டுக்காக அழுகிறாள் என்று நினைக்கிறார். ஒரு சின்ன உடம்புக்குள் கடல், கப்பல், காற்று மூன்றும் இருக்கின்றன என்று நீட்டி முழக்கி ஒரு உவமை சொல்கிறார், கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் வாஞ்சையாக. சொல்லி முடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பி, நம் முடிவைச் சொல்லியாச்சா என்று கேட்கிறார். சொன்னேன், வேண்டாமாம், நன்றி சொல்கிறாள் என்கிறாள் அம்மா. இந்த முட்டாள் தன் சமாதியையே கட்டிக்கொள்ளட்டும் என்றும் சேர்க்கிறாள். கேப்புலட்டுக்கு உடனே கோபம் வரவில்லை. புரியவில்லை. நிதானமாகச் சொல்லு என்கிறார். அடுத்து வரிசையாகக் கேள்விகள்: வேண்டாமா? நன்றி இல்லையா? பெருமையாக இல்லையா? தகுதியில்லாதவளுக்கு இவ்வளவு தகுதியான மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறோமே, பாக்கியமாக நினைக்கவில்லையா? இத்தனை கேள்வியும் மனைவியிடம். மகள் இரண்டடி தள்ளி நிற்கிறாள். அவளைப் பற்றி 'அவள்' என்றே பேசுகிறார். நடிகர் இங்கே ஜூலியட்டைப் பார்த்துவிட்டால் தப்பு. மனைவியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூலியட் தானாகக் குறுக்கிட்டு மூன்று வரியில் பதில் சொல்கிறாள்: பெருமை இல்லை, ஆனால் நன்றி உண்டு, வெறுப்பதைக் குறித்துப் பெருமைப்பட முடியாது, அன்பென்று நினைத்துச் செய்ததால் அதற்கும் நன்றி. மிகத் தெளிவான, மரியாதையான பதில். இங்கேதான் வெடிக்கிறது. அவர் மனைவியிடம் கேட்ட கேள்விக்கு மகள் பதில் சொல்லிவிட்டாள், அதுவும் தர்க்கத்தோடு. வியாழக்கிழமை புனித பீட்டர் கோயிலுக்கு வராவிட்டால் மரச்சட்டத்தில் போட்டு இழுத்துப் போவேன் என்கிறார். அந்தக் காலத்தில் தேசத் துரோகிகளைக் கட்டித் தூக்குமேடைக்கு இழுத்துப்போன மரச்சட்டம் அது. தமிழில் 'தரதரவென்று இழுத்துப் போவேன்' என்று போட்டால் போதும்.

பிறகு ஜூலியட் மண்டியிடுகிறாள். ஒரே ஒரு வார்த்தை பொறுமையாகக் கேளுங்கள் அப்பா என்று இரண்டு வரி. பேசாதே, பதில் சொல்லாதே, வாயைத் திறக்காதே என்கிறார் அவர். அதோடு சரி. இந்தக் காட்சி முழுக்க மகள் தகப்பனிடம் பேசுவது மொத்தம் ஐந்தே வரி. பிரதியைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள். சில தமிழாக்கங்களில் ஜூலியட்டுக்கு இந்த இடத்தில் நீளமான கண்ணீர் வசனம் எழுதிச் சேர்க்கிறார்கள். கைதட்டல் வரும், வாஸ்தவம். ஆனால் அப்பா வாயை அடைத்துவிட்டார் என்பதே காட்சி. அடைத்த வாயிலிருந்து அரைப் பக்க வசனம் எப்படி வரும்?

விரல் துருதுருக்கிறது என்று கேப்புலட் சொல்லும் வரி வருகிறதே, அங்கே பெரும்பாலான இயக்குநர்கள் ஓர் அறை விடவைக்கிறார்கள். வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அடித்துவிட்டால் கோபம் இறங்கிவிடும், மீதி முப்பது வரிக்கு வேகம் இருக்காது. ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, அந்தக் கையை நடுங்கவிட்டு மனைவி பக்கம் திரும்ப வேண்டும். இந்த ஒரு பிள்ளையைத்தான் கடவுள் கொடுத்தார் என்று குறைப்பட்டோமே, இப்போது இந்த ஒன்றே அதிகமாகத் தெரிகிறது என்ற வரி அதை ஒட்டித்தான் வருகிறது. முதல் அங்கத்தில் பிழைத்திருக்கும் ஒரே பிள்ளை என்று உருகியவர் சொல்வது இது.

ஜூலியட்டை வளர்த்த செவிலி குறுக்கே வந்து, குழந்தையை இப்படித் திட்டுவது உங்கள் தப்பு என்கிறாள். வேலைக்காரி அப்படிச் சொன்னது ஒன்றுதான் அந்த வீட்டில் எழுந்த தைரியமான குரல். உன் ஞானத்தை உன் சிநேகிதிகளிடம் வைத்துக்கொள் என்று அவள் வாயும் அடைபடுகிறது. அப்புறம் மனைவி, ரொம்பச் சூடாகிறீர்கள் என்கிறாள்.

இதற்குப் பின் கேப்புலட் பேசும் பேச்சு தன் தரப்பு நியாயம். இராப்பகலாய், வேலையிலும் விளையாட்டிலும், தனியாக இருந்தாலும் கூட்டத்தில் இருந்தாலும் இவளுக்கு ஒரு இடம் பார்ப்பதே என் கவலையாக இருந்தது என்கிறார். இதைக் குரலை இறக்கிச் சொல்ல வேண்டும், கிட்டத்தட்ட அழுகிற மாதிரி. உடனே மகளைப் போலக் குரல் மாற்றி நக்கல் செய்கிறார்: எனக்குக் கல்யாணம் வேண்டாம், எனக்குக் காதலிக்க வராது, நான் சின்னப் பெண், மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் இவரிடம் 'நான் சின்னப் பெண்' என்று சொல்லவே இல்லை. அதைச் சொன்னது இவரேதான், ஞாயிற்றுக்கிழமை, பாரிஸிடம். இரண்டு நாளுக்கு முன் தன் வாயால் சொன்ன நியாயத்தை மகள் வாயில் திணித்து அதற்காகவே அவளைத் திட்டுகிறார். முதல் அங்கத்தின் அந்த வரியும் மூன்றாம் அங்கத்தின் இந்த வரியும் தமிழாக்கத்தில் ஒரே சொற்களில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல் போட்டுவிட்டால் பார்வையாளருக்கு எட்டாது.

போகும்போது சொல்வது: என் மகளாயிருந்தால் நான் சொன்னவனுக்குக் கொடுப்பேன்; இல்லாவிட்டால் தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் சா. யோசித்துக்கொள், நான் வாக்குத் தவற மாட்டேன். கடைசி வார்த்தை வாக்கு. அவர் காக்க நினைப்பது பாரிஸுக்குக் கொடுத்த வாக்கை.

ஷேக்ஸ்பியர் மூலக்கதையாக எடுத்துக்கொண்ட ஆர்தர் புரூக்கின் 1562-ஆம் ஆண்டு நெடுங்கவிதையில், இதே கோபத்தின் நடுவே அப்பா பழைய ரோமானியச் சட்டத்தை இழுக்கிறார்: பிள்ளைகளை அடகு வைக்க, விற்க, கொல்லக்கூடத் தகப்பனுக்கு அதிகாரம் இருந்தது என்று. ஷேக்ஸ்பியர் அதைத் தூக்கிவிட்டார். அவருடைய கேப்புலட்டிடம் சட்டம் எதுவும் இல்லை. சோறும் கூரையும்தான் ஆயுதம். புரூக்கில் பதினாறை நெருங்கும் பெண் இங்கே பதிமூன்றாகிறாள். மாதக்கணக்கில் நடக்கும் கதை ஒரே வாரத்துக்குள் சுருங்குகிறது. இரண்டு மாற்றமும் இந்த அப்பாவின் அவசரத்தை இன்னும் கொடுமையாக்குகின்றன.

தமிழ் அக மரபில் பழகியவர்களுக்கு இங்கே இன்னொன்று உறைக்கும். தலைவியின் களவை, அதாவது ரகசியக் காதலை, தோழி செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும் தெரிவிக்க, தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வார்கள். அறத்தொடு நிற்றல் என்பது இந்தச் சங்கிலி. அகப்பாட்டில் தந்தை நேரே பேசுவதே கிடையாது. மற்றவர்கள் எடுத்துச் சொல்லும் பேச்சுக்குள் மட்டும் வருவார் என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. கேப்புலட் வீட்டில் அந்தச் சங்கிலி கண்முன்னே அறுகிறது. கல்யாணம் நடந்த செய்தி செவிலிக்குத் தெரியும். நற்றாய் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆனால் பேச வாயெடுத்த செவிலியை அடக்கியாயிற்று. கேப்புலட் போனதும் அம்மாவும், என்னிடம் பேசாதே என்று கைகழுவிவிட்டுப் போகிறாள். செவிலி பயந்து, பேசாமல் பாரிஸையே கட்டிக்கொள், ரோமியோ அவனுக்கு முன்னால் பாத்திரம் துடைக்கிற துணி என்கிறாள். ஜூலியட் அந்த நிமிடத்திலிருந்து தனியாள். செவிலியைத் துரோகியாக நடிக்கவைக்கும் குழுக்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

இனி, யாருமே பேசாத நான்காம் அங்கம். துறவி லாரன்ஸின் திட்டப்படி, செத்தவள்போல் கிடக்கவைக்கும் மருந்தை ஜூலியட் குடிக்க வேண்டியது புதன் இரவு. நாற்பத்திரண்டு மணி நேர மயக்கம். அதற்குள், டிபால்டைக் கொன்றதற்காக நாடு கடத்தப்பட்டு மாண்டுவா நகரில் இருக்கும் ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். செவ்வாய் மாலை ஜூலியட் வீட்டுக்கு வந்து அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். கேப்புலட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மனது லேசாகிவிட்டது என்கிறார். அந்தச் சந்தோஷத்திலேயே, கல்யாணம் நாளைக் காலையே நடக்கட்டும் என்று வியாழனைப் புதனாக்குகிறார். சாமான் பத்தாது, வியாழனே இருக்கட்டுமே என்கிறாள் மனைவி. கேட்பதாக இல்லை. ஆகவே மருந்து செவ்வாய் இரவே உள்ளே போகிறது. கடிதத்துக்கு ஒரு நாள் குறைகிறது. கடிதம் கொண்டுபோன இன்னொரு துறவி, கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் பூட்டப்பட்ட வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். கையில் இன்னொரு நாள் இருந்திருந்தால் வேறொரு ஆளை அனுப்பியிருக்கலாம். கோபத்தில் அவர் சொன்ன சொல்லைவிட, சந்தோஷத்தில் மாற்றிய இந்தத் தேதி செய்த சேதம் பெரிது. கேப்புலட்டை முழுநேர வில்லனாக்கினால் இந்த இடத்தில் அவருக்குச் சிரிக்கவே வராது.

அரை டஜன் பேர் போதும் என்றவர் இங்கே இருபது தேர்ந்த சமையல்காரர்களைக் கூப்பிட்டு வரச் சொல்கிறார். விடிய விடியத் தூங்காமல், விறகு காய்ந்ததா, அடுப்பில் வைத்தது என்னாச்சு, செலவைப் பார்க்காதே என்று சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் அலைகிறார். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி சவுல்ட்ரியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயசத்துக்குச் சர்க்கரை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே திரியும் பெண் வீட்டுக்காரரை நம் நடிகர்கள் பார்த்திருப்பார்கள். அதை அப்படியே செய்தால் போதும். மணி மூன்று. செவிலிகூட, போய்ப் படுங்கள் ஐயா என்று கேலி செய்கிறாள். முதல் குவார்ட்டோவில், ஜூலியட் திரைக்குள் இருக்கும் கட்டிலில் விழுகிறாள் என்று குறிப்பு இருக்கிறது. அந்தக் கட்டிலை மேடையிலிருந்து எடுக்காமல், அதன் முன்னாலேயே இந்தச் சமையல் அமர்க்களத்தை நடத்துங்கள்.

வேஷத்தில் ஒரு திருத்தம். கேப்புலட் வயதானவர், முகமூடி போட்டு ஆடி முப்பது வருஷம் ஆகிறது என்ற பேச்சு விருந்தில் வருகிறது. மனைவியோ, உன் வயதில் நான் உன்னைப் பெற்றுவிட்டேன் என்று மகளிடம் சொல்கிறவள். முப்பதைத் தொட்டிருக்க மாட்டாள். அவள் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டும் பழக்கத்தை விட வேண்டும். சீக்கிரம் தாயானவர்கள் வாடிப்போகிறார்கள் என்று கேப்புலட் சொன்னதற்கு உதாரணம் அவர் பக்கத்திலேயே நிற்கிறது.

போட்டி நாடகத்தின் 45 நிமிடத்தில் இத்தனையும் எப்படி அடங்கும் என்று கேட்பார்கள். நான்காம் அங்கக் கடைசியில் வரும் பாட்டுக்காரர் வேடிக்கையை முழுதாக எடுத்துவிடலாம். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவின் தேவதைப் பேச்சு பத்து வரி போதும். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி நாற்பது வரி பேசும் துறவியின் கடைசி வாக்குமூலத்தில் ஐந்து வரி வைத்துக்கொள்ளலாம். பார்வையாளருக்குத் தெரிந்த கதைதானே. மிச்சமாகும் நேரத்தில் மூன்றாம் அங்கத்து இரவுக் காட்சியும் நான்காம் அங்கத்துச் சமையல் காட்சியும் தாராளமாக உட்காரும்.

கடைசிக் காட்சியில் கேப்புலட்டை மார்பில் அடித்து அழவைக்கிறார்கள். பிரதியில் அவர் அங்கே செய்வது வேறு. மாண்டேகுவிடம் கையை நீட்டி, என் மகளுக்கு நீங்கள் தர வேண்டிய சீதனம் இந்தக் கைதான், இதற்கு மேல் நான் கேட்க முடியாது என்கிறார். நான் அதிகமாகவே தருவேன், ஜூலியட்டுக்குத் தங்கத்தில் சிலை வைப்பேன் என்கிறார் மாண்டேகு. ரோமியோவுக்கும் அதே மதிப்பில் நான் வைக்கிறேன் என்று கேப்புலட் சொல்கிறார். இந்த வரிகளைக் கண்ணீர் இல்லாமல், சம்பந்தி பேச்சு நடக்கும் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். மாண்டேகு முடித்த கையோடு கேப்புலட்டின் பதில் வந்துவிட வேண்டும். நடுவே இடைவெளி விடக் கூடாது.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு